மூக்கின் மேல் ஈ

"இடைவேளையிலேயே கிளம்பலாம்னு சொன்னேன், கேட்டீங்களா?" தியேட்டர் வாசலிலேயே மனைவி ஆரம்பித்துவிட்டாள்.

அடம்பிடித்து அவளை அழைத்து வந்தவர் கணவர்தான். அவளுக்குப் பிடிக்க வேண்டுமே என்ற கவலையில், திரையை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாவே இல்லையா?"

"காமெடிப் படமாம்! அவ்வளவு பெரிய நடிகர்களைக் கூட்டிட்டு வந்து, காட்டுக் கத்தல் கத்த விட்டிருக்காங்க. பாக்கவே பாவமா இருந்துச்சு."

"ஒருத்தர்கூடத் தேறலையா?" வண்டிச் சாவியைத் துழாவியபடி கேட்டார்.

"ஒரே ஒருத்தர் தேறினார். கட்டில்ல பிணமாக் கிடந்தாரே, அவர்தான். சுத்தி அத்தனை பேரும் கூத்தடிக்கிறாங்க, மூக்கு மேல ஈ வேற உக்காருது. ஆள் அசையணுமே!"

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அந்த ஈ கதையிலேயே கிடையாதும்மா. தானா வந்து உக்காந்துச்சு. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். டைரக்டரே கைதட்டினார். அடுத்த படத்துக்கும் கூப்பிட்டிருக்கார்... போகட்டுமா?"

"தாராளமா போங்க." வண்டியின் பின்னால் ஏறி, அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "லீவு நாள்ல பாத்திரம் கழுவக் கூப்பிட்டா இதே நடிப்பைத்தானே கல்யாணமான நாள்லேருந்து பாக்கிறேன்! இனிமே அதுக்குச் சம்பளமாவது வரட்டும்."