கடைசிச் சொட்டு வரை

“எங்கள் உடம்பில் கடைசிச் சொட்டு ரத்தம் உள்ளவரை இட ஒதுக்கீட்டுக்காகப் போராடுவோம்!” என்று கொளஞ்சியப்பன் மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு சக்கர நாற்காலி வந்தது. அதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பின்னால் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி, குனிந்து குனிந்து தள்ளி வந்தான் ஒருவன்.

“ஐயா, கடைசிச் சொட்டெல்லாம் வேணாம்ங்க. ரெண்டு பாட்டில் போதும்” என்றான்.

கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீஸ் வாசலில் சங்கத்துப் பந்தல். எதிர்ப்புறம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஒன்றியச் செயலாளரான கொளஞ்சியப்பன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு விசாரித்தார். வந்தவன் பெயர் பாவாடை, கூட இருப்பது மனைவி இருசம்மாள், ரிஷிவந்தியம் பக்கம் கூலி வேலை. முதுகெலும்பு ஆபரேஷன். ரத்தம் நிறையப் போகுமாம். ரத்த வங்கிக்குக் கொடுக்க ஆள் கூட்டி வந்தால்தான் இன்றைக்குக் கத்தி வைப்பார்களாம். தள்ளிப்போனால் கால் விளங்காமல் போய்விடுமாம்.

“சொந்தக்காரங்க யாரும் இல்லியாப்பா?”

“மச்சானுங்க ரெண்டு பேரும் வந்துக்கினுதான் இருந்தாங்க. உளுந்தூர்பேட்டைல நம்ம மறியல்ல பஸ்ஸு மாட்டிக்கிச்சுங்க.”

அந்த மறியலை ஏற்பாடு செய்தவர் கொளஞ்சியப்பன்தான். அது இவ்வளவு தூரம் வெற்றி பெறும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

கூட்டத்தைப் பார்த்தார். என்ன குரூப் என்று கூட்டம் கேட்டது. ஓ பாசிட்டிவ் என்றதும் எல்லோருக்கும் வேறு குரூப் ஆகிவிட்டது. எந்தக் குரூப் கொடுத்தாலும் ரத்த வங்கியில் வாங்கிக்கொண்டு வேண்டிய குரூப்பைத் தருவார்கள் என்று பாவாடை சொன்னதும், பாதிப் பேருக்குச் சர்க்கரை வந்தது. மீதிப் பேர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார்கள். சிலர் அப்போதுதான் போட்டுக்கொண்டது மாதிரி இருந்தது.

“அப்ப நீங்க, தலைவரே?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கொளஞ்சியப்பனுக்கு ஊசி ஆகாது. கொரோனா டெஸ்ட்டுக்கு மூக்கில் விடுகிற குச்சியைப் பார்த்தே மயங்கி விழுந்தவர். “மொதல்ல டீ சாப்புடுங்கப்பா” என்றார்.

டீ வந்தது. “எனக்கு வேணாம்ங்க” என்றான் பாவாடை. அவன் பங்கையும் சேர்த்து இருசம்மாளே குடித்தாள். பொண்டாட்டிக்காகப் பட்டினி கிடக்கிறானே என்று கொளஞ்சியப்பனுக்கு நெஞ்சு இளகியது. ஊசிப் பயம் மட்டும் இளகவில்லை.

அப்போது டாக்டர் பௌசியா ரோட்டைத் தாண்டி வந்தார். “பாவாடை, இங்கயா இருக்கீங்க? ரத்தம் ஜாஸ்தி போகாம இருக்க ஒரு மருந்து இருக்கு, டிரானெக்ஸாமிக் ஆசிட்னு. கத்தி வைக்கிறதுக்கு முன்னாடியே டிரிப்ஸ்ல ஏத்திட்டா ரத்தம் கம்மியாத்தான் போகும்.”

“ஆசிடா மேடம்?” என்று பதறினார் கொளஞ்சியப்பன்.

“பேருதாங்க அப்படி. உறைஞ்ச ரத்தம் சீக்கிரம் கரையாமப் பார்த்துக்கும், அவ்வளவுதான்.”

ரத்தம் தேவைப்படாது என்று தெரிந்ததும் கொளஞ்சியப்பனுக்கு வீரம் திரும்பியது. ஃபேஸ்புக் லைவ் வேறு ஓடிக்கொண்டிருந்தது. மைக்கை எடுத்தார். “மருந்து வந்துடுச்சு! இல்லன்னா என் உடம்புல இருக்கிற மொத்த ரத்தத்தையும் இந்தக் குடும்பத்துக்கே கொடுத்திருப்பேன்!”

கைதட்டல் அடங்கக் காத்திருந்து டாக்டர் சொன்னார்: “மொத்தமும் வேணாம்ங்க. ரெண்டு பாட்டில் கேட்டேன், இப்ப ஒண்ணு போதும். அது கைவசம் இல்லாம ஆபரேஷனை ஆரம்பிக்க மாட்டேன். வாங்க, போகலாம்.”

லைவை நிறுத்தச் சொல்லிக் கொளஞ்சியப்பன் கண்ணைக் காட்டினார். செல்போன் பிடித்திருந்தவன் பயபக்தியோடு இன்னும் கிட்டே வந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, ரெண்டு பேர் தாங்கிப் பிடிக்க, கையில் ஜூஸ் டப்பாவோடு ரத்த வங்கியிலிருந்து வெளியே வந்தார். உயிர் இருந்தது. முகத்தில் தியாகமும் இருந்தது. நேராக ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்குப் போய், இருசம்மாள் தலையில் கை வைத்து போட்டோவுக்கு நின்றார்.

“இனிமே ஒனக்குள்ள ஓடப்போறது இந்த அண்ணன் ரத்தம், தங்கச்சி.”

“அய்யோ, இல்லீங்கண்ணா, எனக்கு வந்து...”

“பேசாத. இருக்கிற தெம்பும் போயிடும்.”

பாவாடை கைப்பிடியை விடாமலே கண் கலங்கினான். “நீங்க நல்லா இருக்கணும்ங்க” என்றான். அதற்குள் போட்டோ, ‘முதுகெலும்பு முறிந்த சகோதரிக்குக் குருதி தந்த தலைவர்’ என்று சங்கத்தின் எல்லா வாட்ஸ்அப் குரூப்புக்கும் போய்விட்டது.

தியேட்டர் கதவு திறந்தது. நர்ஸ் ஹப்சா எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஏம்மா, பேசண்ட்டைத் தள்ளவுட்டு நீ உக்காந்துக்கினு வர்றியா? எழுந்திரு, அவரு உக்காரட்டும்!”