இன்னொரு தரம் விழச் சொன்னார்கள்

பெனுவே ஆற்றங்கரையில் பச்சாமா மக்களின் திருவிழா மல்யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. தோற்றுப்போன மீனவன் ப்வாமடி, மண்ணைத் தட்டி எழுந்து, தன்னைச் சாய்த்த கிலோங்கோவின் கையை உயர்த்திப் பிடித்தான். நியாயமான பிடி; அவனுக்கு வருத்தமில்லை. அந்நேரம் பார்த்து அமைச்சரின் கார் வந்து நின்றது. விழாக் குழுக்காரர் களத்துக்குள் ஓடி வந்தார்.

"ஐயா பார்க்கல தம்பி. இன்னொரு தரம் விழுந்துடு. கேமராவும் வந்திருக்கு."

ப்வாமடிக்கு உடம்பு கொதித்தது. "நான் இவன்கிட்டதான் தோத்தேன். ஒங்க ஐயாகிட்ட இல்ல."

"சும்மா விழறதுக்கு என்னப்பா?"

அதற்குள் மேளம் முழங்கிவிட்டது. இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பற்றினார்கள். ப்வாமடி கோபத்தோடு பிடியை இறுக்கினான்.

கிலோங்கோ அவன் காதருகே குனிந்தான். "விழுந்துடாத. நான் ஜெயிச்சது நிஜம். அதைக் கூத்தாக்க விடமாட்டேன். நானும் தள்ளப்போறதில்ல."

நெற்றியோடு நெற்றி முட்டி நின்றார்கள். கூட்டம் பொறுமையாகப் பார்த்திருந்தது. அமைச்சர் கடிகாரத்தைப் பார்த்தார், கொட்டாவி விட்டார், கடைசியில் காரில் ஏறிப் போனார். புழுதி அடங்கியும் இருவரும் பிடியை விடவில்லை.