ஒரு கண் வெள்ளை

வார விடுமுறையில் குளிர்சாதனம் நின்றுபோய், ஆய்வகத்துப் பழ ஈக்கள் மொத்தமும் வெந்து செத்திருந்தன. தெருவே ‘ஈ டாக்டர்’ என்று கேலி செய்யும் அவள், வருஷக்கணக்கில் மரபணுவை மாற்றி மாற்றி உண்டாக்கிய இனமும் அதோடு போயிற்று. இடக்கண் வெள்ளை, வலக்கண் சிவப்பு. உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

அவள் வீட்டுக்கு வந்தபோது அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் கனிந்துபோன வாழைப்பழத்தைச் சுற்றி நாலைந்து ஈக்கள் பறந்தன. பழக்கதோஷம், ஒரு துண்டுப் பழத்தைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு அவற்றைப் பிடித்தாள். லென்ஸை வைத்துப் பார்த்தாள். இடக்கண் வெள்ளை. போன உயிர் திரும்பி வந்தது போல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னடி, ஈயைப் பார்த்து அழற?”

“ஆய்வகத்துல எல்லாம் செத்துப்போச்சும்மா. இதுங்க மட்டும் என் துணியில ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. இதை வெச்சே மறுபடி பெருக்கிடுவேன்.”

அம்மா பாத்திரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“ஒத்தைக் கண்ணு வெள்ளையா இருக்குமே, அதுதானே? துணியில எல்லாம் வரலடி. நீ தொட்டில்ல கிடந்தப்பவே வரும். பழத்தைத் தொடாது. உன்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும்.”

அவள் குப்பியைப் பார்த்தாள். பழத்துண்டின் மேல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கண்ணாடியின் இந்தப் பக்கத்தில், அவளைப் பார்த்தபடி. குப்பியைத் திருப்பி வைத்தாள். அவை நிதானமாக நடந்து மறுபடி அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தன.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, குப்பியின் வாயில் பஞ்சை அடைத்தாள்.

“வந்துட்டீங்கல்ல,” என்றாள். “அது போதும்.”