டாக்டர் பிடுங்கிய ப்ளக்

வக்கீலுக்கு அன்று நடந்தது அப்பட்டமான அநியாயம்.

கம்ப்யூட்டர் பயனர் சங்கக் கூட்டத்தில், நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவளுடைய செய்முறை விளக்கம் உச்சத்துக்கு வந்த நொடியில், பக்கத்து நாற்காலியில் இருந்த சங்கச் செயலாளர், பல் டாக்டர், மேஜைக்கடியில் காலை விட்டு மின்சார வயரை உதைத்துப் பிடுங்கிவிட்டார்.

வக்கீல் என்றால் நிஜ வக்கீல் இல்லை. பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம் படிக்கிறவள். எதற்கெடுத்தாலும் வாதாடுகிறாள் என்று சங்கத்தார் வைத்த பெயர். அந்தப் பெயர் தனக்குப் பொருந்தாது என்றும் ஒரு மணி நேரம் வாதாடியிருக்கிறாள்.

அன்றைக்கு நன்றாகத்தான் ஆரம்பித்தாள்.

"மெய்நிகர் கணினின்னா பயப்படாதீங்க. ஒரு கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் குடித்தனம் இருக்கு, அவ்வளவுதான். பச்சைத் திரை தெரிஞ்சா குடித்தனக்காரர். நீலத் திரை தெரிஞ்சா வீட்டுக்காரர். குடித்தனக்காரர் அடுப்படியையே கொளுத்தினாலும் வீட்டுக்காரருக்குப் புகை வராது."

கூட்டம் சிரித்தது. பச்சைத் திரையில் வைரஸை விட்டாள். இருந்ததையெல்லாம் கலைத்துப்போட்டாள். ஒரே தட்டில் எல்லாம் பழையபடி வந்து நின்றது. முன்வரிசையில் இருந்த தையல்கடை அக்கா கைதட்டினார்.

டாக்டருக்குப் பொறுக்குமா? இத்தனை வருஷமாக மாதாமாதம் மேடை ஏறியவர் அவர்தானே!

"வீட்டுக்காரர் பத்திரமா இருக்காருன்னு எப்படிம்மா நம்புறது?"

"இதோ பாருங்க." ஒரு பொத்தானைத் தட்டினாள். நீலத் திரை வந்தது. "இது என் ப்ராஜெக்ட். மூணு மாச உழைப்பு. திங்கட்கிழமை ஒப்படைக்கணும். ஒரு எழுத்தாவது அசைஞ்சிருக்கா?"

"வேற எங்கேயாவது நகல் எடுத்து வச்சிருக்கியா?"

"எதுக்கு சார்? நம்பிக்கை இல்லாதவங்களுக்குத்தான் நகல். சந்தேகத்துக்குப் பல் ஆஸ்பத்திரியிலகூட மருந்து கிடையாது."

மறுபடியும் சிரிப்பு. டாக்டர் விடவில்லை.

"எந்த மெஷினையும் கண்ணை மூடிட்டு நம்பக் கூடாதும்மா. நாம பண்ற தப்புக்கு அது என்ன செய்யும்?"

"தப்பு பண்ணிப் பார்க்கத்தான் சார் இதையே கண்டுபிடிச்சாங்க!"

அவர் பக்கம் முழுசாகத் திரும்பிவிட்டாள். வாதம் வளர்ந்தது. நாற்பது தலைகளும் பந்தாட்டம் பார்ப்பதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பின.

"பேசி என்ன சார்? செஞ்சே காட்டுறேன். குடித்தனக்காரரை மொத்தமா அழிக்கிறேன், பாருங்க!"

டாக்டரை முறைத்தபடியே விசைப்பலகையில் கட்டளையை அடித்தாள்.

"நில்லும்மா."

"பயமா இருக்கா, சார்?"

"கொஞ்சம் நில்லு, அந்த..."

"முடிச்சுட்டுத்தான் நிப்பேன்."

"நில்லுங்கிறேன்ல!"

விரல் என்டருக்கு மேலே போனது. அப்போதுதான் அந்த உதை.

திரை இருண்டது.

"டாக்டர் பல்லைத்தான் பிடுங்குவார்னு நெனச்சேன். ப்ளக்கையுமா?" என்றார் தையல்கடை அக்கா.

"கால் பட்டுடுச்சு," என்றார் டாக்டர்.

"பட்டுதா? ஓங்கி உதைச்சீங்க, என் கண்ணால பார்த்தேன்! பொறாமை சார், பொறாமை!" என்று பொரிந்தாள் வக்கீல்.

அதோடு விட்டாளா? கூட்டக் குறிப்பேட்டை வாங்கித் தன் கையாலேயே எழுதினாள்: 'செயலாளர் வேண்டுமென்றே செய்முறை விளக்கத்தைக் கெடுத்தார்.'

டாக்டர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். கையெழுத்துப் போட்டார்.

அதுதான் அவளை உறுத்தியது. எதிர்வாதம் இல்லாமல் ஜெயித்து அவளுக்குப் பழக்கமில்லை. படிக்கட்டில் வழிமறித்தாள்.

"இப்ப இங்கே யாரும் இல்லை. உண்மையைச் சொல்லுங்க சார். ஏன் உதைச்சீங்க?"

"நீ என்டர் தட்டப் போனப்ப, திரை என்ன நிறம்மா?"

"பச்..."

பல் டாக்டர் சொல்லாமலேயே அவள் வாய் ஆவென்று திறந்துகொண்டது. ப்ராஜெக்டைக் காட்டியதற்கு அப்புறம் அவள் பச்சைக்குத் திரும்பவே இல்லை.

"எல்லாரும் நம்ம சண்டையைப் பார்த்துட்டிருந்தாங்க. நான் ஒருத்தன்தான் திரையைப் பார்த்தேன்."

"அதை அங்கேயே சொல்லியிருக்கலாமே? நான் எழுதினதுல கையெழுத்து வேற..."

"நாப்பது பேர் முன்னாடி சொன்னா, அடுத்த மாசம் நீ மேடை ஏறுவியா?"

வக்கீலின் குரல் முதல் தடவையாக இறங்கியது.

"உதைக்கிறதுக்கு முன்னாடி என்கிட்டயாவது வாயால சொல்லியிருக்கலாமே, சார்..."

"மூணு தடவை சொன்னேன்மா. நீ கேக்கலை. அதான் காலால சொன்னேன்."