அணையை மூடிய கண்டக்டர்

"இன்னிக்கு ஒரே அழுத்துல அணையை மூடி, பத்து லட்சம் பேரைக் குளிக்க விடாமப் பண்ணிட்டேன். அந்த ஊர் மேயர் என் காலைப் பிடிச்சுக் கதறினான்," என்றார் ஓய்வுபெற்ற கண்டக்டர்.

மருமகள் சிரித்தாள். "ஃபோன்ல நகரம் கட்டுற கேம்தானே மாமா?"

"கேம்னா என்னம்மா? ஆத்துக்கு மேல என் ஊரு, கீழ அவன் ஊரு. அந்தப் பக்கம் ஆடுறவனும் மனுஷன்தானே?"

கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே மனைவி சொன்னாள்: "இவருக்குப் பயந்து ஒருத்தன் கதறினானாம். நம்ம வீட்டுக் குழாயையே ஒழுங்கா மூடத் தெரியாது."

"நம்பாட்டி போ. சாயங்காலத்துக்குள்ள அவன் ஜனங்க மொத்தமும் மூட்டை கட்டிட்டு என் ஊருக்கு வந்துடும்."

மனைவி நிமிர்ந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"முதல்ல அணையைத் திறங்க. எம் ஜனங்க நாறிப்போய்க் கிடக்கறாங்க," என்றாள். "கெஞ்சினது நிஜந்தான். ஆனா, நான் கதறலை."