நாற்பது சென்ட்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க, மக்கா. சாரல் உள்ளே அடிக்காமல் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருங்க. ஒரு டம்ளர் தண்ணீரில் முடிந்துபோன கதை ஒன்று வைத்திருக்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம்.

“ஏட்டி ஹுஸ்னா, ஒனக்கு ஒரு ஆளு கெடச்சுட்டாரு” என்றபடி அண்ணன் உவைஸ் ஆட்டோவை வாசலில் நிறுத்தினான். “குத்துக்கல்வலசை நாறும்பூநாதன் அண்ணாச்சி. நீரோட்டம் பாக்கணுமாம். அவசரமாம்.”

ஹுஸ்னாவின் கையிலிருந்த தேநீர் தளும்பிப் பாவாடையில் சிந்தியது. அவள் கவனிக்கவே இல்லை.

மேலகரத்து நகைக்கலைப் பள்ளியில் அவள் ரத்தினக்கல் படிக்கிறாள். கல்லுக்குள் வெளிச்சம் தண்ணீர் மாதிரி ஓடும் பாருங்க, அதைத்தான் அந்தத் தொழிலில் நீரோட்டம் என்பது. ஒவ்வொருவரும் வெளியே ஒரு வீட்டுக்குப் போய், அந்த வீட்டுக் கல்லைச் சோதித்து, நிறம், குற்றம், நீரோட்டம் எல்லாம் எழுதி, சொந்தக்காரரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள். தவறினால் இன்னும் ஒரு வருஷம் அதே பெஞ்சு.

கடையநல்லூரில் ஒரு வீடும் அவளுக்குக் கதவு திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், சமீனா மாமியின் நீலக்கல் மோதிரத்தை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, பந்தியில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, “மாமி, இது கண்ணாடி” என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவள் தெருவில் வந்தாலே பெண்கள் கையைத் துப்பட்டிக்குள் இழுத்துக்கொள்கிறார்கள்.

வேறு வழியில்லாமல் உவைஸ்தான் ஒரு வாரமாக ஆட்டோ ஸ்டாண்டில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், என் தங்கச்சி நீரோட்டம் பார்த்துச் சொல்லுவாள், காசு வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தான்.

ஹுஸ்னா உடனே அண்ணாச்சிக்குப் போன் போட்டாள். எத்தனை வருஷமாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

“எங்க தாத்தா காலத்துலேருந்து இருக்கு தாயி. மூணு பேரு வந்து பாத்துட்டானுவ. கல்லு இருக்கு, நீரோட்டம் இல்லங்கான் ஒருத்தன். அடியில இருக்குங்கான் இன்னொருத்தன்.”

“அடியில அழுக்கு அடஞ்சிருந்தா அப்படித்தான் அண்ணாச்சி தெரியும். எம்புட்டு இருக்கும்?”

“நாப்பது சென்ட்டு.”

ஹுஸ்னா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். வைரத்தைத்தானே சென்ட் கணக்கில் சொல்வார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “பத்திரமா இருக்குல்லா?” என்றாள்.

“பத்திரம்லாம் பீரோவுல இருக்கு. நீ வெயில் ஏறுததுக்கு முந்தி வந்திரு.”

காலை வெளிச்சத்தில்தான் கல் பார்க்க வேண்டும் என்பது வரைக்கும் தெரிந்த மனுஷர். ஹுஸ்னா தோழி ரூபிக்குப் போன் போட்டு, நாற்பது சென்ட் வைரம், நாற்பது சென்ட் வைரம் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். ராத்திரி தூங்கினாளா என்று யாரும் கேட்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை. குற்றாலத்தில் சீசன் கூட்டம். இரண்டு அருவிச் சவாரியை விட்டுவிட்டுத் தங்கையை ஏற்றிக்கொண்டு வந்தான் உவைஸ். தெருவை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய லாரி நின்றதால், இவன் எவன் பொழுது விடியுமுன்னே என்று முனகிக்கொண்டே ஆட்டோவைத் தள்ளி நிறுத்தினான்.

அண்ணாச்சி வாசலிலேயே காத்திருந்தார். ஹுஸ்னா கூடத்தில் உட்காரப் போனபோது, வீட்டுக்குள்ளே எப்படித் தெரியும் என்று சொல்லி, அவளை நேரே பின்பக்கத்து வெட்டவெளிக்கு அழைத்துப் போனார். அவர் மனைவி குழல்வாய்மொழி பின்னாலேயே வந்தாள். அவள் மூக்கில் ஏழு கல் மூக்குத்தி, எண்ணெய்ப் பிசுக்கேறி மங்கிப்போய்.

இதுதான் அந்த நாற்பது சென்ட் என்று ஹுஸ்னா முடிவு கட்டினாள். “ஆச்சி, அதக் கொஞ்சம் கழத்தித் தாங்க.”

ஆச்சி புருஷனைப் பார்த்தாள். “இத வச்சா பாக்கப் போற?”

“பின்ன எத வச்சு ஆச்சி?”

“ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு வழி. கழத்திக் குடுளா” என்றார் அண்ணாச்சி.

ஹுஸ்னா ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கினாள். சோப்பு போட்டு, குட்டி பிரஷால் மூக்குத்தியின் அடிப்பக்கத்தைத் தேய்த்து அலசி, அழுக்குத் தண்ணீரைக் காலடியில் ஊற்றினாள். லென்ஸைக் கண்ணுக்குக் கொண்டுபோகுமுன், இதுவும் கண்ணாடியாக இருந்துவிடக் கூடாது ரப்பே என்று வேண்டிக்கொண்டாள். கண்ணாடி என்றால் கண்ணாடி என்றுதான் அவளுக்குச் சொல்ல வரும்.

பார்த்தாள். ஏழு கல்லும் ஏழு குழந்தை மாதிரி சிரித்தன. கூட்டினால் நாற்பது சென்ட் சரியாக வரும்.

“அண்ணாச்சி, நீரோட்டம் அமோகமா இருக்கு.”

“நெசமாவா தாயி?” அண்ணாச்சி ஓரடி முன்னே வந்தார். “அந்த மூணு பேரும்…”

“அவங்களுக்குப் பாக்கத் தெரியல.”

அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் நீட்டிய தாளைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். ஆச்சி மூக்குத்தியை மாட்டிக்கொண்டு, ஹுஸ்னாவின் கன்னத்தை வழித்துச் சொடக்கு முறித்தாள். ஹுஸ்னா தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குதிக்காமல் நிற்பதற்குப் பெரும்பாடு பட்டாள்.

அண்ணாச்சி தெருப்பக்கம் திரும்பி, அங்கே நின்ற லாரிக்காரனுக்குக் குரல் கொடுத்தார். “ஏலே ஆதித்தா, போர் வண்டிய உள்ள எடு. நாப்பது சென்ட்டும் காஞ்சு கெடக்கு, இந்தப் பிள்ள தண்ணி ஊத்துன எடத்துலயே குழாய எறக்கு.”

போய் வாங்க, மக்கா. உங்க வீட்டு மூக்குத்தியிலும் கிணற்றிலும் நீரோட்டம் என்றைக்கும் வற்றாமல் இருக்கட்டும்.