படகுக்காரர்களுக்காக மூடிய ஜன்னல்

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வீடு மறையுது."

மூத்தவர் தள்ளி நின்றார். மறைந்தது அவருடைய வீடு.

பாதி வீடு என்பதுதான் சரி. மீதிப் பாதி தம்பியுடையது. இரண்டு பாதியும் சேர்ந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஊர்க் கட்டடங்களை நடந்து பார்க்க வருகிறவர்களுக்கு ஏழாம் எண்.

சில மாதங்களாக இதே கூத்து. யார் யாரோ வருகிறார்கள். காயலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். காதில் எதையோ கேட்டுவிட்டு அவர் வீட்டைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

தம்பியின் வேலைதான். ஊரைச் சுற்றிக் காட்டும் ஆப் ஒன்றுக்காக விவரம் கேட்டு வந்தவர்களை இவர் வாசலோடு திருப்பி அனுப்ப, அவர்கள் தம்பி வாசலில் ஏறினார்கள். உறவுக்காரர்களிடம் அண்ணனைத் தூற்றியது போதாமல், இப்போது ஆப் வைத்துத் தூற்றுகிறான்.

இன்று காலை மகளிடம் கைபேசியை நீட்டி அந்த ஆப்பைப் போட்டுத் தரச் சொன்னார்.

"நம்ம வீட்டப் பாக்க எதுக்குப்பா ஊரச் சுத்துறீங்க? சித்தப்பாவக் கேட்டா அவரே சொல்லிடுவாரு."

அவர் முறைத்த முறைப்பில், தன் இயர்போனையும் கொடுத்துவிட்டு அவள் இடத்தைக் காலி செய்தாள்.

அது பிடிவாதக்கார ஆப். ஒன்றிலிருந்து வரிசையாக நடந்தால்தான் ஏழு வாயைத் திறக்கும். பிறந்த ஊரிலேயே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மனிதர், காதுக்குள் ஒருத்தி "இடப்பக்கம் திரும்பவும்" என்றதும் திரும்பினார். எதிரே வந்த தபால்காரர், "என்னண்ணே, வழி மறந்துபோச்சா?" என்று சைக்கிளை நிறுத்தி விசாரித்தார்.

ஐஸ் தொழிற்சாலையை அவள் கம்பீரமான எளிமை என்றாள். பூட்டிக் கிடக்கும் படகுத்துறை அலுவலகத்தை மௌனத்தின் கலை என்றாள். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் சற்று நின்று அதை உணரச் சொன்னாள். அவர் உணர்ந்தார். தொட்டி ஒழுகியது.

இப்போது ஏழு.

"இந்த முகப்பைப் பாருங்கள். இடப்பாதி நீலம், வலப்பாதி மஞ்சள். இரண்டும் சந்திக்கும் கோட்டைக் குறிவைத்துச் செலுத்தினால், படகு மணல்திட்டில் தட்டாமல் நேராகத் துறைக்கு வரும். காயலோர மக்களின் கூர்த்த அறிவு."

அறிவாம்.

பாகம் பிரித்த கையோடு, கேட்காமல் கொள்ளாமல் தன் பாதிக்கு மஞ்சள் பூசினான் தம்பி. அந்த வயிற்றெரிச்சலில், மஞ்சளுக்குக் கொஞ்சமும் ஆகாத நீலமாகப் பார்த்துக் கேட்டு வாங்கித் தன் பாதிக்குப் பூசினார் இவர். இதில் படகு எங்கே வந்தது?

பார்த்துப் பார்த்து வளர்த்த பகை அது. ஒருவர் போன கல்யாணத்துக்கு மற்றவர் போகாமல், காய்ச்சலில் கிடந்தபோதும் எட்டிப் பார்க்காமல், வருஷக்கணக்காகக் காப்பாற்றிய பகை. அதைத் தூக்கிப் படகுக்காரர்களுக்குத் தானம் செய்துவிட்டார்கள்.

அவரைத் தள்ளி நிற்கச் சொன்ன பெண் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "அந்தக் காலத்து ஆளுங்க என்னமா யோசிச்சிருக்காங்க, இல்ல சார்?"

"அந்தக் காலமும் இல்ல, யோசனையும் இல்லம்மா. அது சண்டை. அண்ணன் தம்பி சண்டை."

அவள் வீட்டை ஒருமுறை பார்த்தாள். அவரை ஒருமுறை பார்த்தாள்.

"படகுதான் சார் நல்லாருக்கு."

மூத்தவருக்கு ரத்தம் கொதித்தது. காதுக்குள் இருந்தவளோ இன்னும் முடிக்கவில்லை.

"மேல்மாடி ஜன்னலைக் கவனியுங்கள். வீட்டின் நடுச்சுவர் அதன் மத்தியில் வந்து முடிகிறது. ஒரு கதவு நீலம், ஒரு கதவு மஞ்சள். திறந்தால் குறி கலைந்துவிடும் என்பதால் இது எப்போதும் மூடியே இருக்கும். கோடையிலும் காற்றை விட்டுக்கொடுத்த குடும்பம் இது. 'அது எங்க அண்ணன் எடுத்த முடிவு. அவர் எப்பவும் அடுத்தவங்களத்தான் நெனப்பாரு' என்று இளையவர் பெருமையோடு சொன்னார். எட்டாம் எண்ணுக்கு வலப்பக்கம் திரும்பவும்."

மூத்தவர் திரும்பவில்லை.

அந்த ஜன்னலில் நீலக் கதவு மஞ்சள் கதவின்மேல் படிந்து மூடும். நீலம் திறக்காமல் மஞ்சள் திறக்காது. நீலத்தின் தாழ்ப்பாள் அவர் அறையில் இருந்தது.

தம்பியின் அறைக்கு வேறு ஜன்னல் கிடையாது.

ஒரு கோடையில் அந்தப் பக்கமிருந்து மஞ்சள் கதவைத் தள்ளிப் பார்க்கும் சத்தம் கேட்டது. இவர் கட்டிலை ஜன்னலை ஒட்டி நகர்த்திப் போட்டுப் படுத்துக்கொண்டார். அவனுக்குக் காற்று போய்விடக் கூடாது என்று இவரும் வியர்வையில் ஊறினார்.

இதெல்லாம் தம்பிக்குத் தெரியும். தெரிந்தே சொல்லியிருக்கிறான். ஒரு வார்த்தை கேட்காமல், முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் அவரை நல்லவனாக்கி வைத்திருக்கிறான். மஞ்சளையாவது தன் பாதியில் பூசினான். இதை அண்ணன்மேலேயே பூசிவிட்டான்.

பச்சைப் பொய். நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது.

இயர்போனைப் பிடுங்கிச் சட்டைப்பையில் திணித்தார். விறுவிறுவென்று வீட்டுக்குள் போய் மாடியேறினார். கட்டிலை இழுத்துத் தள்ளினார். துருவேறிய தாழ்ப்பாள் முரண்டு பிடித்தது; செருப்பைக் கழற்றி நாலு போடு போட்டார். நீலக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது.

காயலில் படகு வந்துகொண்டிருந்தது. தடுமாறவில்லை. திட்டில் தட்டவில்லை. எப்போதும்போல் நேராகத் துறைக்கு வந்தது.

"பாத்தியாம்மா?" என்று கீழே பார்த்துக் கத்தினார்.

தொப்பிக்காரி அவரையும் சேர்த்துப் படமெடுத்தாள்.

பக்கத்தில் மஞ்சள் கதவு மெல்ல அசைந்தது. கொஞ்சம் நின்று யோசித்தது. பிறகு அதுவும் திறந்தது.

"கொக்கிய மாட்டுண்ணே," என்றது சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல். "காத்துல கதவு அடிச்சுக்கப் போகுது."

"எனக்குத் தெரியாதாக்கும்," என்றார் மூத்தவர்.

மாட்டினார்.